லூயி பாஸ்ச்சரும் காலந்தாழ்த்தி வந்த சிறுமியும்

பாற்பொதியின் மேலுறையில் 'பாஸ்சரைஸ்' என்னும் சொல்லை நாம் அடிக்கடி காண்கின்றோம். அச்சொல்லுக்குள் ஒரு மனிதரின் பெயர் இருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

லூயி பாஸ்ச்சர் 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் திகதி, பிரான்ஸ் நாட்டின் டோல் என்னும் ஊரில், தோல் பதனிடுபவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவர் மருத்துவர் அல்லர், இரசாயனவியலாளர். 1856இல் லீல் நகரில் பேராசிரியராக இருந்தபோது, பீட்கிழங்கிலிருந்து மதுசாரம் வடிக்கும் தொழிலதிபர் ஒருவர், தமது தொட்டிகள் புளித்துக் கெடுவதாக அவரிடம் முறையிட்டார். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, நல்ல தொட்டியில் மதுவக் கலங்களும் கெட்ட தொட்டியில் கோல் வடிவான வேறு சிற்றுயிர்களும் தென்பட்டன. நொதித்தல் உயிர்களின் செயல் என்பதும், ஒவ்வொரு வகை நொதித்தலுக்கும் அதற்கேயுரிய நுண்ணங்கி உண்டு என்பதும் அவருக்குப் புலனாயின.

அந்த நுண்ணங்கிகள் எங்கிருந்து வருகின்றன? கெட்டுப்போகும் பொருளிலிருந்து அவை தாமாகவே தோன்றுகின்றன என அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர். பாஸ்ச்சர் அன்னத்தின் கழுத்தைப்போல் நீண்டு வளைந்த வாயுடைய குடுவையொன்றில் சாற்றை ஊற்றிக் கொதிக்க வைத்தார். காற்று தடையின்றி உட்சென்றது. ஆனால் காற்றிலிருந்த தூசு வளைவிலேயே தங்கிவிட்டது. மாதங்கள் கடந்தும் சாறு தெளிவாகவே இருந்தது. குடுவையைச் சரித்து, சாறு அந்த வளைவைத் தொடச் செய்ததும், சில நாட்களில் அது கலங்கிக் கெட்டது. இத்தனை எளிய பரிசோதனையை நான் வேறெங்கும் படித்ததில்லை. வைன் கெடாதிருக்க, அதனை 50 தொடக்கம் 60 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும் முறையும் இந்த அறிவிலிருந்தே பிறந்தது.

அவருடைய ஐந்து பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்தனர். ஒன்பது வயது ஜான் 1859இலும், பன்னிரண்டு வயது செசில் 1866இலும் நெருப்புக்காய்ச்சலுக்குப் பலியாகினர். அக்காய்ச்சலை உண்டாக்கும் பக்ரீரியா 1880இலேயே இனங்காணப்பட்டது. 1868இல் பாரிசவாதத்தால் அவருடைய இடப்பக்கம் செயலிழந்தது. அதன் பின்னரே அவர் தொற்றுநோய்களை முழுமூச்சுடன் ஆராயத் தொடங்கினார்.

புகையிரதத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த முதியவரை இளைஞன் ஒருவன் ஏளனம் செய்ய, அம்முதியவரே பாஸ்ச்சர் என அறிந்து அவன் வெட்கினான் என்றொரு கதை மறையுரைகளில் வழங்கி வருகின்றது. நானும் அதைச் சொல்லியிருக்கின்றேன். அதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை எனப் பின்னர் அறிந்துகொண்டேன். அவரைப் போற்ற அக்கதை தேவையுமில்லை.

1885 யூலை 6ஆம் திகதி, விசர்நாயால் கடியுண்ட ஒன்பது வயது யோசேப் மைஸ்டரை, அல்சேஸ் பகுதியிலிருந்து அவனுடைய தாய் பாஸ்ச்சரிடம் அழைத்துவந்தார். விசர்நோயால் இறந்த முயலின் முள்ளந்தண்டு நாணை உலர்த்தினால், அதிலுள்ள நச்சு நாளுக்கு நாள் வலுவிழக்கும். மிகவும் வலுவிழந்ததில் தொடங்கி, படிப்படியாக வலுவானவரை பதின்மூன்று ஊசிகள் ஏற்றப்பட்டன. சிறுவன் பிழைத்தான். அம்முறை நாய்களில் போதியளவு பரீட்சிக்கப்பட்டிருக்கவில்லை என்பதைப் பிற்காலத்தில் அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். அவர் ஏற்ற துணிச்சல் சிறியதன்று. அதனை மூடிமறைப்பதும் முறையன்று.

அந்நோயின் நச்சு நரம்பின் வழியே மெதுவாக மூளையை நோக்கிச் செல்கின்றது. அது சென்றடையுமுன் உடல் எதிர்ப்பாற்றலைப் பெறவேண்டும். ஆகவே காலமே முக்கியம். காயத்தை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுமாறு இன்றும் அறிவுறுத்தப்படுவது இதனாலேயே.

அதே ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி, லூயிஸ் பெல்த்தியே என்னும் பத்து வயதுச் சிறுமி கொண்டுவரப்பட்டாள். கடியுண்டு 37 நாட்கள் கடந்திருந்தன. காயமோ தலையிலும் இருந்தது. பயனிராது என்பது பாஸ்ச்சருக்குத் தெரியும். அவள் இறந்தால் பழி முழுவதும் புதிய சிகிச்சைமேல் விழும், அதனால் வேறு நோயாளர் வரத் தயங்குவர் என்பதும் தெரியும். பெற்றோர் மன்றாடினர். அவர் மறுக்கவில்லை.

டிசெம்பர் மாதத் தொடக்கத்தில் நோய் வெளிப்பட்டது. பாஸ்ச்சர் அவளுடைய கையைப் பற்றியவாறு படுக்கையருகே நீண்ட நேரம் அமர்ந்திருந்தார். அவள் இறந்தாள், எதிர்ப்பாளரும் அதனைப் பயன்படுத்தத் தவறவில்லை. அவ்வீட்டின் படிகளில் இறங்கும்போது அவர் கண்ணீர்விட்டு அழுதார் என்று, அவருடைய வரலாற்றை எழுதிய மருமகன் குறிப்பிட்டுள்ளார்.