கிளாட்ஸ்டன் பெருமகனாரின் தேர்தற் போர்

தேர்தற் காலம் வந்துற்றால் அபேட்சகர்கள் ஒருவரையொருவர் தாக்கிப் பேசுதல் எத்தேசத்தும் காணப்படும் வழக்கமாகும். ஆயினும் எதிரியின் பிறப்பையும் உருவத்தையும் இழித்துரைப்பது வேறு. அவர் ஆண்ட காலத்துச் செய்கைகளை எடுத்துவைத்துக் கணக்குக் கேட்பது வேறு. பின்னதைத் திறம்படச் செய்தவருள் ஆங்கில நாட்டு வில்லியம் எவர்ட் கிளாட்ஸ்டன் தலைசிறந்தவராவர். அங்ஙனம் கேட்பவர்மேல் ஏறும் கடன் இத்தகையது என்பதையும் அவர் சரித்திரமே காட்டுகின்றது.

இவர் 1809-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி லிவர்ப்பூல் நகரில் ஒரு செல்வ வணிகர்க்கு மைந்தராகத் தோன்றினர். ஆக்ஸ்போர்டில் கல்வி பயின்று, 1832-ல் பார்லிமெண்டு அங்கத்தினராயினர். 1852 டிசம்பரில் நிதி மந்திரி டிஸ்ரேலி கொணர்ந்த வரவு செலவுத் திட்டத்தின் குறைகளை நள்ளிரவு கடந்தும் விரித்துரைத்தனர். 19 வோட்டுகளால் அம்மந்திரிசபை வீழ்ந்தது. அடுத்த மந்திரிசபையில் அந்நிதிப் பொறுப்பு இவரிடமே வந்தது. பிறர் கணக்கில் பிழை கண்டவர் தம் கணக்கைக் காட்ட வேண்டியவரானார். 1853-ல் இவர் வகுத்த திட்டம் பலராலும் போற்றப்பட்டது.

பின்னர் 1868 முதல் 1874 வரை பிரதம மந்திரியாயிருந்து, தேர்தலில் தோல்வியுற்று, கட்சித் தலைமையையும் துறந்தனர். டிஸ்ரேலி ஆட்சியேற்றுப் பீக்கன்ஸ்பீல்டு பிரபுவானார். அவ்வாட்சியில் 1877-ல் டிரான்ஸ்வால் நாடு இணைத்துக்கொள்ளப்பட்டது. 1878-ல் ஆப்கானியப் போரும், 1879-ல் ஜூலுப் போரும் மூண்டன. 1878-ல் லிட்டன் பிரபு இந்தியாவில் தேசபாஷைப் பத்திரிகைகளின் வாயடைக்கச் சட்டம் இயற்றினர். கிளாட்ஸ்டன் அதனைப் பார்லிமெண்டில் கண்டித்தனர்.

1879 நவம்பரில், எழுபது பிராயத்தை நெருங்கிய அம்முதியவர், ஸ்காட்லாந்தின் மிட்லோதியன் தொகுதிக்கு அபேட்சகராகப் புறப்பட்டனர். எதிர்நின்றவர் டால்கீத் பிரபுவேயாயினும், கணக்குக் கேட்கப்பட்டது பீக்கன்ஸ்பீல்டின் ஆட்சியே. கடுங்குளிரில் ஊர்தோறும் சென்று, போர்களின் நியாயமென்ன, வரவுக்கு மிஞ்சிய செலவு ஏன், மலைநாட்டில் வீடிழந்த ஆப்கானியக் குடும்பங்கள் செய்த குற்றமென்ன என்று வினவினர். வோட்டுரிமையில்லாத மாதரும் திரண்டு கேட்டனர். 1880 ஏப்ரலில் இவர்க்கு 1,579 வோட்டுகளும், எதிரிக்கு 1,368 வோட்டுகளும் கிடைத்தன. கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதம மந்திரியானார்.

இனித் தம் கணக்கைக் காட்டவேண்டிய முறை வந்தது. ஆப்கானிஸ்தானத்தினின்றும் படைகள் மீண்டன. இவர் அனுப்பிய ரிப்பன் பிரபுவின் காலத்தில் பத்திரிகைச் சட்டம் நீக்கப்பட்டது. இவை வாக்குக் காத்த செய்கைகள். டிரான்ஸ்வாலில் தாம் பழித்த இணைப்பை உடனே கைவிடாராக, அந்நாட்டு போயர்கள் படையெடுத்தெழுந்த பின்னரே 1881-ல் அவர்க்குச் சுயாட்சி அளித்தனர். 1882-ல் இவரது சர்க்காரே எகிப்தின்மேல் படை செலுத்தியது. அது பொறாது, இவர்தம் நண்பர் ஜான் பிரைட் மந்திரி பதவியைத் துறந்தனர். எதிரியை அளந்த கோலால் இவரும் அளக்கப்பட்டார்.

பீக்கன்ஸ்பீல்டு 1881 ஏப்ரலில் மறைந்தபோது, அவர்க்கு நினைவுச்சின்னம் அமைக்கும் தீர்மானத்தைப் பார்லிமெண்டில் கொணர்ந்து, அவருடைய மனவுறுதியைப் புகழ்ந்தவரும் கிளாட்ஸ்டனே. நான்கு முறை பிரதம மந்திரியாயிருந்த இப்பெரியார் 1898 மே 19-ஆம் தேதி காலமாயினர்.

அன்பர்களே! நகரசபைக்கேனும், சட்டசபைக்கேனும், நம் சங்கத்தின் நிர்வாகத்திற்கேனும் நிற்போர், எதிரியின் செய்கைகளைத் தாராளமாக ஆராயலாம். அது வோட்டர்க்கு நன்மையே. ஆனால் இன்று எழுப்பும் ஒவ்வொரு வினாவும் நாளை தம் வாயிலில் வந்து நிற்குமென்பதை அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும். வோட்டளிக்கும் நாமும் அவ்வினாக்களைக் குறித்துவைத்து, வென்றவரிடம் தவறாது கேட்போமாக.