புரவி இவர்ந்த நாச்சியார்: வேலு நாச்சியார் வாழ்வும் ஒரு சொல்லின் போதாமையும்

தமிழ்ப் புறமரபில் குதிரை ஆடவர்க்கே உரியதாகச் சுட்டப்பெறுகிறது. தொல்காப்பிய மரபியல் பெண்குதிரைக்குப் பெட்டை என்னும் பெயரை வகுக்கிறது. குதிரைமேல் அமர்ந்த பெண்ணுக்குப் பெயர் வகுக்கவில்லை. அகத்திணையியலோ பனைமடற் குதிரையையும் மகளிர்க்கு விலக்குகிறது. குதிரைமறத் துறையில் பொன்முடியார் பாடியுள்ளார் (புறம். 299), எனினும் அவர் பாடியது மன்னர்தம் புரவிகளையே. இப்பின்னணியில் சிவகங்கை அரசி வேலு நாச்சியாரின் (1730–1796) வாழ்வு நோக்கத்தக்கது.

இராமநாதபுரம் செல்லமுத்து விசயரகுநாத சேதுபதியின் மகளாகப் பிறந்த நாச்சியார், ஆண் வாரிசு இல்லாத அரண்மனையில் குதிரையேற்றம், வாள், வில், சிலம்பம் ஆகியவற்றில் பயிற்றப்பட்டார். 1746இல் சிவகங்கை முத்துவடுகநாதரை மணந்தார். 1772 சூன் 25ஆம் நாள் காளையார்கோயிலில் கும்பினிப் படையால் கணவர் கொல்லப்பட, மகள் வெள்ளச்சியுடன் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தார். பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரரும் உடனிருந்தனர். கைப்பற்றப்பட்ட சிவகங்கைக்கு நவாபு தரப்பு உசேன் நகர் எனப் பெயரிட்டது. ஊரோடு பெயரும் பறிபோயிற்று.

அவ்வாண்டு திசம்பர் 8ஆம் நாள் நாச்சியார் சார்பில் தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்கு மடல் எழுதினார். கேட்கப்பட்டவை 5000 குதிரைப்படையும் 5000 காலாட்படையும். காலாளுக்கு நிகரான எண்ணிக்கையில் குதிரையைக் கேட்டது எளிதில் கடந்துபோகத்தக்க செய்தி அன்று. குதிரையேற்றம் அவர்க்கு அரண்மனை அணியாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. ஏறத்தாழ எட்டாண்டுக் காத்திருப்பிற்குப்பின், 1780இல், ஐதரின் படைத்துணையோடு சிவகங்கையை மீட்டார்.

இவரை இன்று வீராங்கனை என்கிறோம். அங்கனை என்னும் வடசொல் அழகிய உறுப்புகளை உடையவள் எனப் பொருள்படும். போர்க்களத்தில் நிற்பவளையும் உடலழகு கொண்டே சுட்டும் சொல் இது. இதழ்கள் வழங்கும் குதிரையேற்ற வீராங்கனை என்பதும் இக்குறையினின்று நீங்கவில்லை. குதிரை மறவன் என்பதற்கு இணையாகக் குதிரை மறத்தி எனல் தமிழ் இயல்புக்குப் பொருந்தும். மறத்தி இன்று குலப்பெயராகவும் வழங்குவதால் சிலர் தயங்கலாம். மறவன் என்பதற்கும் அதே நிலை உண்டென்பதை அவர்கள் கருதவேண்டும்.

மீட்ட நாட்டின் ஆட்சிப்பொறுப்பில் மருது சகோதரர் செல்வாக்கு ஓங்கியது. மகள் வெள்ளச்சி வேங்கன் பெரிய உடையணத் தேவரை மணந்தார். 1796 திசம்பர் 25ஆம் நாள் நாச்சியார் மறைந்தார்.