தங்கையின் மரணம் எழுப்பிய மருத்துவமனை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் இராஜகிரியின் உயரத்தை அண்ணாந்து பார்த்து வியப்பர். எனக்கோ அதை முற்றுகையிட்டவர்களின் பொறுமைதான் வியப்பைத் தருகிறது. 1690ஆம் ஆண்டு தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698இல்தான் முடிந்தது. ஒரு கோட்டையைப் பிடிக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்! அப்படியானால், ஒரு கொடிய நோயை எதிர்த்து ஒரு மருத்துவமனையை எழுப்ப எத்தனை ஆண்டுகள் வேண்டும்? ஒரு பெண்மணிக்கு முப்பத்தோர் ஆண்டுகள் ஆயின. அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் அந்தப் பெயர் புதியதன்று. கருவுற்ற தாய்மார்களுக்கு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரால்தான் வழங்குகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் திண்ணையில் அமர்ந்து விவரம் கேட்டு எழுதும்போதெல்லாம் அந்தப் பெயர் எங்கள் தெருவில் ஒலிக்கும். ஆயினும் அதற்கு உரியவர் யார் என்று கேட்டால் விடை சொல்வார் அரியர். சென்ற ஆண்டுவரை நானும் அறியேன். அறிய வைத்தவள் என் அக்காள்.

அக்காள் செவிலியர் பட்டயப் படிப்பு முடித்தவள். சென்னையில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. வீடே மகிழ்ந்தது. ஆனால் பணி குழந்தைகளின் புற்றுநோய்ப் பகுதியில் என்று தெரிந்ததும் மகிழ்ச்சி மறைந்தது. அந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்றார் பெரியப்பா. சாகப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலையா என்று கேட்டார் அத்தை. அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாதிருந்தால் இசையவில்லை என்று பொருள். பணியில் சேர வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். ஆதலால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தனர். புற்றுநோய் தொற்றுநோயன்று; நம் உடலின் அணுக்களே கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் வருவது என்று பெரியப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் அத்தையின் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அதைத் தேடிப் போனபோது கிடைத்ததே இந்த வரலாறு.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் மரபில் வந்தவர். இத்தகைய மணத்தை அந்நாளைய சமூகம் ஏற்குமா? ஏச்சும் ஒதுக்கமும் குழந்தைப் பருவத்திலேயே முத்துலட்சுமிக்குப் பழகிவிட்டன.

அக்காலத்தில் பெண் பூப்பெய்தினால் பள்ளிப்படிப்பு முடிந்தது என்று பொருள். முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தே படித்து 1902இல் மெட்ரிக்குலேசன் தேறினார். அடுத்து என்ன? ஊரில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி. பெண்ணைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று பெற்றோர் சிலர் மிரட்டினர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு தர, 1904இல் அந்தக் கல்லூரியின் ஒரே மாணவியாக அவர் நுழைந்தார். மூடிய வண்டியில் வந்து, ஆண்கள் பார்வையில் படாதபடி திரை மறைவில் அமர்ந்து பாடம் கேட்டார்.

இன்று நம் கல்லூரியில் மாணவியர் முதல் வரிசையில் அமர்ந்து பாடம் கேட்கின்றனர். அந்த வரிசைக்கு முன்னால் ஒரு திரை இருந்தது என்பதையும், அதற்குப் பின்னால் ஒருவர் தனியாக அமர்ந்திருந்தார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் பரிசுகளும் பதக்கங்களும் குவிய மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கே பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவரும் ஒருவர். எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் முதல் பெண் உள்ளுறை மருத்துவராகப் பணியேற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சரிநிகராக நடத்த வேண்டும், தம் விருப்பங்களில் குறுக்கிடலாகாது என்ற உறுதிமொழியைப் பெற்ற பின்னரே அவர் மணத்துக்கு இசைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1923

அவர் வாழ்வைத் திருப்பிய ஆண்டு 1923. அவருடைய தங்கை நோயுற்றார். முதலில் சீதபேதி என்று கருதியே மருத்துவம் நடந்தது. அது குடலின் கடைப்பகுதியில் தோன்றிய புற்றுநோய் என்பது காலம் கடந்தே தெரிந்தது. ஊரார் நோயையெல்லாம் தீர்க்கும் மருத்துவர், உடன்பிறந்தவள் உருகி மடிவதைக் கண்ணெதிரே பார்த்து நின்றார். பொறுக்க இயலாத அந்த வேதனையிலேதான், இந்நோய்க்கெனத் தனியே ஒரு மருத்துவமனை எழுப்பியே தீருவேன் என்ற உறுதி பிறந்தது.

1925இல் அரசு உதவித்தொகை பெற்று, மகளிர், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற இலண்டன் சென்றார். செல்சி மகளிர் மருத்துவமனையில் பயின்றார். அங்கே புற்றுநோய்க்கெனவே இயங்கிய மருத்துவமனையையும் கண்டார். நோயைத் தொடக்கத்திலேயே கண்டால் வெல்லலாம் என்ற நம்பிக்கையோடு தாயகம் திரும்பினார்.

சட்டமன்றமும் அவ்வை இல்லமும்

திரும்பியவரை வேறொரு பணி அழைத்தது. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே. 1927இல் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அங்கே வாதாடினார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றும் வற்புறுத்தினார். தேவதாசி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அந்தச் சட்டம் முழுமையாக நிறைவேற 1947ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியை உதறினார். அதே காலத்தில், பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு அஞ்சித் தம்மிடம் அடைக்கலம் தேடி வந்த இளம்பெண்களுக்குத் தம் வீட்டிலேயே இடம் தந்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது.

பன்னிரண்டு படுக்கைகள்

இத்தனைப் பணிகளுக்கு நடுவிலும் தங்கையை அவர் மறந்தாரில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனையின் தேவையை எடுத்துரைத்தார். எவரும் செவி சாய்க்கவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் 1934 முதல் கதிரியக்கத்துக்கான பர்னார்டு நிலையம் இருக்கிறதே, தனி மருத்துவமனை எதற்கு என்பது அரசின் எண்ணம். அதைவிட ஆழமாக வேரூன்றியிருந்தது இன்னோர் எண்ணம்: புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கத்தானே போகிறார், அவருக்காகப் பெரும் பொருளைச் செலவிடுவானேன்?

இந்த இடத்தைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். எங்கள் அத்தை கேட்டதும் இதைத்தானே! படித்தோரும் ஆள்வோரும் கேட்ட கேள்வியையே, பள்ளிக்குச் செல்லாத என் அத்தையும் கேட்டிருக்கிறார். அம்மையார் அந்தக் கேள்விக்குச் சொல்லால் விடை கூறிக்கொண்டிருக்கவில்லை, கட்டிக் காட்டினார்.

இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். வீடு வீடாக, சிறுகச் சிறுகப் பணம் சேர்ந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியை வெளிநாட்டில் இத்துறையில் பயிற்சி பெறச் செய்தார். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அடையாற்றில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. படுக்கைகள் பன்னிரண்டே. அம்மையாருக்கு அப்போது அகவை அறுபத்தேழு.

மறு ஆண்டு டாக்டர் சாந்தா அங்கு வந்து சேர்ந்தார். எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் அவருக்கு அரசுப் பணி காத்திருந்தது. அம்மையார் தம் பணியைத் தொடங்கிய அதே மருத்துவமனை! அதனை விட்டு, பன்னிரண்டு படுக்கைகளை நாடி வந்தார் அந்த இளம் மருத்துவர். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அந்தச் சிறு மருத்துவமனையை நாடறிந்த ஆராய்ச்சி நிலையமாக வளர்த்தனர்.

குழந்தைகளுக்கு ஒரு தனிப் பிரிவு

1960இல் அங்கே குழந்தைகளின் புற்றுநோய்க்கெனத் தனிப் பிரிவு உருவாயிற்று. நம் நாட்டில் அத்தகைய பிரிவு அதுவே முதலாவது.

குழந்தைகளைப் பெரிதும் தாக்குவது இரத்தப் புற்றுநோய். எலும்பு மச்சையில் முதிராத வெள்ளணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும். குழந்தை வெளிறும், காய்ச்சல் விடாது, காரணமின்றி உடலில் நீலத் தழும்புகள் தோன்றும். 1948வரை இதற்கு மருந்தே இல்லை. அவ்வாண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர், பதினாறு குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைத் தந்து, பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை உலகுக்கு அறிவித்தார். அந்த மருந்தை உருவாக்கிய குழுவின் தலைவர் யார் தெரியுமா? பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்! அம்மையார் படித்த கல்லூரியிலேயே அவருக்குப் பின்னர்ப் படித்தவர். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட்டைத்தான் இன்றும் குழந்தைகளுக்குத் தருகின்றனர்.

1980களில் அடையாறு உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகள் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துடன் இணைந்து, நம் நாட்டுக்கு ஏற்ற கூட்டுமருந்து முறை ஒன்றை வகுத்தன. பிழைக்கும் குழந்தைகளின் தொகை வெகுவாக உயர்ந்தது. வசதி மிக்க நாடுகளில் இன்று, இவ்வகை நோயுற்ற குழந்தைகள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

இதில் செவிலியரின் பங்கு என்ன? மருந்தின் அளவைக் குழந்தையின் உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடுவர். அந்த எடை தவறினால் எல்லாம் தவறும். மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் ஒரு சிறு காய்ச்சலும் உயிரைப் பறிக்கும். நள்ளிரவில் அந்தக் காய்ச்சலை முதலில் தொட்டறியும் கை செவிலியருடையது. நாள்தோறும் அவர் எழுதிவைக்கும் குறிப்புகளே பின்னாளில் ஆராய்ச்சியாளர் கையில் சான்றாகின்றன. இவற்றையெல்லாம் எனக்கு விளக்கிச் சொன்னவள் அக்காள்தான்.

நிறைவு

1956இல் பத்மபூஷண் விருது அம்மையாரை நாடி வந்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் அவர் மறைந்தார். பன்னிரண்டு படுக்கைகள் பல்கிப் பெருகுவதையும், குழந்தைகளுக்கெனப் பிரிவு ஒன்று அமைந்ததையும் கண்ட பின்னரே கண்மூடினார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010இலும், டாக்டர் சாந்தா 2021இலும் மறைந்துவிட்டனர். அடையாற்று மருத்துவமனை நின்று தொண்டாற்றுகிறது.

தங்கை மடிந்தபோது, இவளையே காக்க முடியவில்லை, இனி யாரைக் காப்பது என்று அவர் ஓய்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இழப்பையே அவர் அடித்தளமாக்கினார். இதுவே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் என்பேன்.

இந்த வரலாற்றை ஓரிரவு சாப்பாட்டுக்குப் பின் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் செஞ்சிக் கடைத்தெருவுக்குப் போய், அக்காளின் பெட்டியைக் கட்டக் கயிறு வாங்கி வந்தார்.

2025இல் நம் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. நமக்கெல்லாம் பெருமைதான். சென்னைப் பேருந்து எங்கள் ஊரைக் கடக்கும்போது, அக்காள் சன்னலோரம் அமர்ந்து அந்தக் கோட்டையைத் திரும்பிப் பார்த்தாளாம். அவள் அங்கே போய் எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் அவள் பகுதியிலிருந்து ஒரு சிறுவன், மருத்துவம் முடிந்து வீடு திரும்பினான் என்று தொலைபேசியில் சொன்னாள். அச்செய்தியை அத்தையிடம் முதலில் ஓடிப்போய்ச் சொன்னவர் என் அப்பா.