மனிதரையே ஏடாகப் பயின்ற ஆண்டன் பாய்சன்

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோயாளருக்கென லேடி வில்லிங்டன் பெயரால் ஒரு மருத்துவ இல்லம் எழுந்த ஆண்டு 1924. அதே ஆண்டில், கடல் கடந்த அமெரிக்க நாட்டில், வூஸ்டர் நகரத்து மனநோய் மருத்துவமனையில் ஒரு போதகர் பணியேற்றார். ஊரார் கண்ணில் படாமல் ஒதுக்கிவைத்த மக்களே இரண்டிடங்களிலும் வாழ்ந்தனர். அந்தப் போதகரும் அவ்வாறு ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தவரே. ஆண்டன் பாய்சன் என்னும் அவருடைய வரலாற்றை நம் இளைஞர் அறிதல் நன்று எனக் கருதியே இதனை எழுதலானோம்.

பாய்சன் 1876ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இந்தியானா மாநிலத்துப் புளூமிங்டன் நகரில் பிறந்தார். தந்தையார் மொழிப் பேராசிரியர். தாய்வழிப் பாட்டனார் பேராசிரியரும் சமய குருவும் ஆவார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். சிறுவயதிலேயே ஒரு கண்ணின் பார்வையும் போயிற்று. மொழி பயின்றார், வனவியல் பயின்றார், பின்னர் நியூயார்க்கில் இறையியல் பயின்று போதகரானார். எவ்வூரிலும் நிலையாக அமையவில்லை. ஆலிஸ் என்னும் பெண்மணியை 1902இல் கண்டு அன்பு கொண்டார், அவ்வம்மையார் இசையவில்லை. ஆயினும் 1935இல் அவர் மறையும்வரை அவ்வன்பு பாய்சனை விட்டு நீங்கவில்லை. இது பற்றி அறிஞர் பலர் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர்; நமக்கு அது அவ்வளவு வேண்டுவதில்லை.

நமக்கு வேண்டுவது 1920ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நிகழ்ந்தது. நாற்பத்து நான்காம் அகவையை எட்டும் வேளையில் அவர் மனம் முற்றிலும் கலங்கிற்று. உலகம் அழியப்போகிறது என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. வீட்டார் அவரை மருத்துவமனையில் சேர்த்தனர். இனித் தேறுவதற்கில்லை என மருத்துவர் உறவினரிடம் கூறிவிட்டனர். ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் உள்ளே இருந்தார். கலக்கம் தெளிந்த நாட்களில் தம்மைச் சுற்றியிருந்தோரை உற்று நோக்கலானார்.

அங்கே அவர் கண்ட குறை ஒன்று. மருத்துவர் உடலை நோக்கினரேயன்றி நோயாளியின் அச்சத்தையும் குற்றவுணர்வையும் கேட்டாரில்லை. வெளியிலிருந்து வந்த போதகருக்கோ நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. உறுத்தும் கண்ணைப் பிடுங்கி எறிக என்னும் பொருளுடைய வேதப் பகுதியை அந்நோயாளர் நடுவே ஒருவர் பிரசங்கித்தாராம். எவரேனும் அதனைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வாரோ எனப் பாய்சன் அஞ்சினார். நல்ல எண்ணம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்பதை அவர் உணர்ந்த இடம் இதுவே.

1922 ஜனவரியில் விடுதலையானவர் பாஸ்டன் சென்று மீண்டும் மாணவரானார். ரிச்சர்டு கேபட் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் அவருக்குத் துணை நின்றார். வூஸ்டர் மருத்துவமனைத் தலைவர் வில்லியம் பிரையன், நோயாளியாக இருந்தவர் என்பதை அறிந்தே அவருக்குப் போதகர் பதவி அளித்தார். 1925ஆம் ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர் நால்வர் அவரிடம் பயில வந்தனர்.

அவர்களைப் பாய்சன் எங்கே நிறுத்தினார்? மேடையில் அன்று, நோயாளரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உடன் இருந்து காக்கும் வார்டு ஊழியர் வரிசையில் நிறுத்தினார். பகலெல்லாம் அவ்வேலை, மாலையில் பாடம். மருத்துவர் ஒரு நோயாளியைச் சில நிமிடங்களே காண்பார்; ஊழியரோ நாள் முழுதும் காண்பார். ஆகவே அவ்விடமே பள்ளிக்கூடம் என்பது அவர் முடிவு. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் மருத்துவமனைகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை இது. இழிவென்று நம் தலையில் கட்டப்பட்ட அவ்வேலையை ஒருவர் கல்வியின் முதற்படியாக்கினார் என்பது எண்ணி மகிழத்தக்கது. ஆனால் அம்மாணவர் கோடை முடிந்து திரும்பிச் சென்றனர். நம்மவர் அவ்வேலையிலேயே நின்றனர் என்பதையும் மறப்பதற்கில்லை.

நூல்களைப் படிப்பதுபோல் உயிருள்ள மனிதரையும் ஏடாகக் கொண்டு படிக்க வேண்டும் என்பது பாய்சனின் கொள்கை. 1930இல் இப்பயிற்சிக்கென ஒரு கழகம் அமைந்தது. பின்வந்தோர் முறையை மேலும் வளர்த்தனர். பயிற்சி பெறுவோர் நோயாளியுடன் பேசியதை நினைவிலிருந்து அப்படியே எழுதி, மேற்பார்வையாளர் முன்னும் உடன் பயில்வோர் முன்னும் படிக்க வேண்டும். எங்கே செவிகொடுத்தோம், எங்கே நம் அச்சத்தால் பேச்சை மாற்றினோம், எங்கே வேண்டாத அறிவுரை சொன்னோம் என்பதெல்லாம் அங்கே வெளிப்படும். அமெரிக்காவில் இன்று ஒரு பயிற்சிப் பிரிவுக்கு 400 மணி நேரம் என வகுத்துள்ளனர்.

1930இல் பாய்சனுக்கு மீண்டும் நோய் கண்டது. கேபட்டுடன் பிளவும் நேர்ந்தது. மனநோய் உடலின் கோளாறே என்றார் கேபட். சிலவகைக் கலக்கம் உள்ளம் தன்னைச் சீர்செய்துகொள்ள நடத்தும் போராட்டம் என்றார் பாய்சன். பாய்சனை முழுதும் ஏற்பது தவறு என்பது நம் கருத்து. மருந்தால் தீரும் துன்பத்தை ஆன்மிகப் போராட்டம் என்று தள்ளிப்போடுதல் கொடுமையாகும். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டதை நாம் அறிவோம். அவர்கள் அங்கு மருந்துக்காகக் கொண்டுவரப்பட்டவர் அல்லர். ஆயினும் நோயாளியின் சொல்லுக்குப் பொருள் உண்டு, அதனைக் கேட்க வேண்டும் என்ற அளவில் பாய்சன் கூறியது நிற்கும்.

நம் நாட்டில் இப்பயிற்சிக்கு அருகிலுள்ள இடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அதன் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கியது முதல், நோயாளியுடன் குடும்பத்தார் தங்கியிருப்பதை முறையாகக் கொண்டது. பாய்சன் தனியே பூட்டப்பட்டிருந்ததை நினைத்தால் இதன் அருமை விளங்கும். நம் கடற்கரையும் இத்தேவையை அறியும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மாமல்லபுரம், கல்பாக்கம், கோவளம் கரைகளைத் தாக்கியபின் ஆறுதல் கூற வந்தோர் பலர். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் விதியென்றும் வினையென்றும் பேசுவதைவிடப் பேசாதிருத்தல் மேல். அந்நாளில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் மக்களுள் தொண்டர்களுக்கே இப்பணியில் பயிற்சி அளித்தனர்.

பாய்சன் தம் நோயின் வரலாற்றையும் மறைக்காமல் 1960இல் நூலாக்கினார். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த நம் இரட்டைமலை சீனிவாசனார் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை 1939இலேயே வெளியிட்டவர். பள்ளிநாட்களில் சாதி தெரிந்துவிடுமோ என ஒதுங்கி நின்றதை அவரும் மறைத்தாரில்லை.

1932 முதல் இல்லினாய்ஸ் மாநிலத்து எல்ஜின் மருத்துவமனையே பாய்சனின் இல்லமாயிற்று. ஓய்வு பெற்ற பின்னும் அங்கேயே இருந்து, 1965 அக்டோபர் 1ஆம் நாள் 88ஆம் அகவையில் மறைந்தார். செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றதும் அவ்வாண்டிலேதான்.