ஓய்வைத் துறந்த மருத்துவர்

கோலாலம்பூரில் உள்ள தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்னும் குடியிருப்புப் பகுதியைப் பலரும் அறிவர். அப்பெயருக்கு உரியவர் 1915-ஆம் ஆண்டு ஜொகூர் பாருவில் பிறந்தார். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1945-இல் மருத்துவரானார். 1957-இல் நாடு விடுதலை பெற்றதும் அமெரிக்காவுக்கான தூதராகவும் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் நிரந்தரப் பிரதிநிதியாகவும் அனுப்பப்பட்டார். பின்னர் உள்துறை அமைச்சராகவும் விளங்கினார். உடல்நலம் குன்றியதால் 1967-இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.

அந்த ஓய்வு இரண்டே ஆண்டுகள்தாம் நீடித்தது.

1969 மே 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் பொதுத்தேர்தல் நடைபெற்றது. முந்தைய தேர்தலில் அங்குள்ள 104 தொகுதிகளுள் 89 தொகுதிகளை வென்றிருந்த ஆளுங்கூட்டணிக்கு இம்முறை 66 தொகுதிகளே கிடைத்தன. சிலாங்கூர் சட்டமன்றத்தின் 28 இடங்களில் சரிபாதியை எதிர்த்தரப்பினர் பிடித்தனர். வெற்றி ஊர்வலங்களால் நகரில் பதற்றம் மிகுந்தது. மே 13-ஆம் நாள் மாலை தலைநகரில் இனக்கலவரம் மூண்டது. ஊரடங்குச் சட்டமும் அதனைத் தொடர்ந்து அவசரகாலமும் நடப்புக்கு வந்தன. சபா, சரவாக்கில் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. நாடாளுமன்றம் முடக்கப்பட்டது.

துணைப்பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் அமைந்தது. துன் வீ. தி. சம்பந்தன், துன் டான் சியூ சின் ஆகியோருடன் டாக்டர் இஸ்மாயிலும் அதில் இடம்பெற்றார். உள்துறைப் பொறுப்பு மீண்டும் அவரிடமே வந்தது. கண்டிப்புக்குப் பெயர் பெற்ற அவர், எந்த இனத்தவராயினும் சட்டத்தை மீறினால் நடவடிக்கை உறுதி என்பதில் தளரவில்லை.

கலவரத்தின் தொடக்க நாள்களில், இந்நாட்டில் மக்களாட்சி மாண்டுவிட்டது என்று வெளிப்படையாகக் கூறியவர் இவர். ஆயினும் அதை மீட்பதற்கு உழைத்தவர்களுள் இவரே முன்னின்றார் என்பது கருதத்தக்கது. தேர்தலும் விவாதமும் இல்லாத ஆட்சி நிருவாகத்திற்கு எளிது, விரைவாக ஆணையிடலாம். அது நீடிக்கட்டும் என்று எண்ணியவர்களும் இருந்தனர். துன் ரசாக்கும் டாக்டர் இஸ்மாயிலும் அதற்கு இணங்கவில்லை. 1970-இல் சபா, சரவாக் தேர்தல்கள் நடந்து முடிந்தன. அதே ஆண்டு ஆகஸ்டு 31-இல் ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் துன் ரசாக் பிரதமராகவும் டாக்டர் இஸ்மாயில் துணைப்பிரதமராகவும் பதவியேற்றனர். 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. குடியுரிமை, தேசிய மொழி போன்றவற்றைக் கேள்விக்குட்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்புத் திருத்தமும் உடன் வந்தது. மீட்சிக்கு அது ஒரு விலைதான்.

இதற்கிடையில் பிரதமருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டிருந்தது. அதனை அறிந்த மிகச் சிலருள் டாக்டர் இஸ்மாயிலும் ஒருவர். தம் உடல்நிலையையும் ஒரு மருத்துவராக அவர் நன்கு உணர்ந்திருந்தார். எனினும் பதவியில் நீடித்தார்.

1973 ஆகஸ்டு 2-ஆம் நாள், பிரதமர் கனடாவில் காமன்வெல்த் மாநாட்டில் இருந்தபோது, அவருக்குப் பதிலாகப் பொறுப்பு வகித்த டாக்டர் இஸ்மாயில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 57. தேசியப் பள்ளிவாசலின் மாவீரர் கல்லறையில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. நெருக்கடிக்குப் பிந்தைய முதல் பொதுத்தேர்தல் 1974 ஆகஸ்டில் நடைபெற்றது.