கோவையில் சாதியை மறைத்த மாணவர், அந்தப் பெயரிலேயே பத்திரிகை நடத்தியது ஏன்? இரட்டைமலை சீனிவாசனின் கதை

பல்லடத்தில் காலையில் கோவை பஸ் ஏறினால் பாதி கூட்டம் காலேஜ் பசங்கதான். கூடப் படிக்கிறவனுக்கு சீட் பிடிச்சு வைக்கிறது, அரட்டை அடிச்சுக்கிட்டே ஒண்ணா இறங்கிப் போறது எல்லாம் இன்னைக்கு சாதாரணம். ஆனால் 19-ம் நூற்றாண்டில் அதே கோவையில் படித்த ஒரு மாணவருக்கு அது வாய்க்கவில்லை.

மணி அடிக்கும் வரை அவர் பள்ளிக்குள் போகமாட்டார். வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். வகுப்பு விட்டதும் மற்றவர்கள் எட்டிப் பிடிப்பதற்குள் வேகவேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். விளையாட்டும் கிடையாது. பேச்சுக் கொடுத்தால் எந்த ஊர், யார் மகன், என்ன சாதி என்று தெரிந்துவிடுமே என்ற பயம். சுமார் 400 பேர் படித்த அந்தக் கலாசாலையில் பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமண மாணவர்கள்.

அந்த மாணவர்தான் இரட்டைமலை சீனிவாசன்.

யார் இவர்?

1859-ல் செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர். குடும்பம் பிழைப்பு தேடி தஞ்சாவூர் போய், பிறகு கோவைக்கு வந்தது. படிப்பு முடிந்ததும் நீலகிரியில் ஐரோப்பியர் கம்பெனியில் கணக்கர் வேலை, சுமார் பத்து ஆண்டுகள். 1890-ல் சென்னைக்குப் போனார்.

அங்கேதான் கதை திரும்புகிறது. சாதி தெரிந்துவிடக் கூடாது என்று ஓடி ஒளிந்தவர், 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. விலை இரண்டணா.

ஏன் அந்தப் பெயர்? அவருடைய சகோதரியை மணந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். அந்தப் பெயரே பிறர் இழிவாகச் சுமத்தியது, அதை ஒதுக்கித் தள்ள வேண்டும் என்பது அயோத்திதாசரின் நிலை. சீனிவாசன் வேறு மாதிரி யோசித்தார். பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறவரை உரிமை கேட்க முடியாது, அதனால் அந்தப் பெயரிலேயே தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரே குடும்பத்துக்குள் நடந்த இந்த விவாதம் இன்று வரை முடியவில்லை. அமெரிக்காவில் வசையாக இருந்த 'பிளாக்' என்ற சொல்லை கறுப்பின மக்கள் 1960-களில் பெருமையோடு தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள் இல்லையா? சென்னையில் அதற்கு 70 வருஷம் முன்னாடியே ஒருவர் அதைச் செய்து பார்த்திருக்கிறார்.

தேசபக்தர்களை கோபப்படுத்திய வேலையும் செய்தார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, வேண்டாம் என்று 3,412 பேரின் கையெழுத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அதிகாரம் மொத்தமும் மேல்சாதியார் கைக்குப் போய்விடும் என்பது அவர் பயம். இதை வைத்து அவரை வெள்ளைக்காரருக்கு வேண்டியவர் என்று சொல்வது சுலபம். தெருவில் நடக்கவே உரிமை இல்லாதவருக்கு தேசம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

1900-ல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டவர் தென்னாப்பிரிக்காவில் தங்கிவிட்டார். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலை. அங்கே வெள்ளையர் கண்ணுக்கு இந்தியர் எல்லோருமே கூலிகள்தான். ஊரில் தெருவுக்குள் விடாதவரும், விடப்படாதவரும் அங்கே ஒரே வரிசையில்!

பொதுத் தெருவுக்கு ஒரு தீர்மானம்

இருபது வருஷம் கழித்துத் திரும்பியவர், 1923-ல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1924 ஆகஸ்ட் 22-ம் தேதி அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. எந்த ஊரிலும் பொதுச் சாலை, தெரு, பாதையில் எவரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் பொது. செப்டம்பர் 25-ல் அரசாணையும் வந்தது. அதே மன்றத்தில் கோவை ஆர்.வீரையனும் இந்த உரிமைக்காகக் குரல் கொடுத்தவர்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானம், ஒரு அரசாணை தேவைப்பட்டிருக்கிறது.

லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு அம்பேத்கருடன் போனார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு நேரில் விளக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். 1932 பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் உண்டு. அரசு அவருக்கு திவான் பகதூர் பட்டம் கொடுத்தது. 1945 செப்டம்பர் 18-ல் காலமானார்.

1939-ல் அவர் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு ரொம்பச் சின்னப் புத்தகம். தலைப்பே 'ஜீவிய சரித்திர சுருக்கம்'தான். ராஜாவைப் பார்த்தவர், சட்டமன்றத்தில் இருந்தவர், எண்பது வயதிலும் கோவைப் பள்ளியில் இருந்து வீட்டுக்கு விரைந்து நடந்ததை மறக்காமல் அதில் எழுதி வைத்தார்.

2018-ல், பல்லடம் இருக்கும் இதே திருப்பூர் மாவட்டத்தில், அவிநாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பட்டியலினப் பெண் சமையலராக வந்ததும், அவர் சமைத்தால் எங்க பிள்ளைங்க சாப்பிடாது என்று சிலர் எதிர்த்தார்கள். அவரை இடமாற்றம் செய்து உத்தரவும் வந்தது. போராட்டம் வெடித்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. எதிர்த்தவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அவர் மறுபடியும் அதே பள்ளியின் சமையலறைக்குள் போனார்.