கோட்டையும் பள்ளியும்

செஞ்சிக் கோட்டையைப் பகைவர் நெருங்காமல் மதில் தடுத்தது. அந்த வட்டாரத்து ஏழைப் பிள்ளைகள் பள்ளியை நெருங்காமல் பசி தடுத்தது!

இதை உணர்ந்தவர் காமராசர். 1903-ல் விருதுநகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமன் துணிக்கடையில் வேலை.

1954-ல் முதல்-அமைச்சர் ஆனார். பள்ளிக்கு வா என்றால் போதுமா? வயிறு நிறைய வேண்டாமா? 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். செஞ்சி இருந்த தென்னாற்காடு மாவட்டத்துக்கும் அது வந்தது.

பசி தீர்ந்தது, கேலி தீரவில்லை. கந்தல் உடுத்த பிள்ளை கூனிக் குறுகியது. ஊரார் நன்கொடையில் சீருடை வந்தது. ஏழை யார், பணக்காரர் யார் என்று தெரியாமல் போயிற்று!

1975 அக்டோபர் 2-ல் காமராசர் மறைந்தார். அவர் படிப்பு பாதியில் நின்றது. அவரால் படித்தவர்களோ பல லட்சம்!